அக்கா போட்டுக் கழற்றிய நீல கவுன்

தீபாவளித் துணி எடுக்க இன்று அக்காவோடு செனாய் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். இருவருக்கும் ஒரே நீல கவுன்தான் பிடித்தது. இருந்ததும் அது ஒன்றுதான்.

"நீ முதல்ல போட்டுப் பாருக்கா," என்றேன்.

சின்ன வயதில் சிகாமட்டில் இருந்தபோது அம்மா அக்காவுக்குத்தான் புதுசு எடுப்பார். அடுத்த தீபாவளிக்கு அது எனக்கு வரும். எனக்கு வரப்போவது என்பதால் கலரை மட்டும் நான் சொல்லலாம். வருஷா வருஷம் நீலம் என்பேன். அக்காவுக்குச் சிவப்புதான் பிடிக்கும் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

அக்கா போட்டுக்கொண்டு வந்தாள். முதுகு ஜிப்பை நான்தான் ஏற்றினேன். எங்கும் சிக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு டைட்டா இருக்கு லா. நீயே எடுத்துக்க."

"பொய் சொல்லாதக்கா. ஜிப்பு போட்டது நான்."

"மூச்சு விடுறது நான்தானே?"

நான் போட்டுப் பார்த்தேன். தோள் இறங்கியது, இடுப்பு தொளதொளத்தது. இருந்தும் எனக்கென்றே வாங்கிவந்துவிட்டேன்.

ஐம்பதை நெருங்கியும் அக்காவின் துணி எனக்கு ஒரு சைஸ் பெரிசுதான்.

வீட்டின் கடைசிப் பிள்ளைகளே, உங்களுக்கு எப்படி?