நூற்றுக்கு நூற்றொன்று

தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின் செய்கிற அந்தத் தொழிற்சாலையில், அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் ஸ்டாப்வாட்ச் அண்ணன். சோதனை அறைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து கழுத்தில் அந்தக் கடிகாரம் தொங்குகிறது. சாப்பிடும்போதும் கழற்றமாட்டார். ‘வீட்டிலயும் இப்படித்தானா?’ என்று யாராவது கேட்டால், ‘வீட்டுல என் மனைவிதான் எனக்கு நேரம் பார்க்குறா’ என்பார்.

சோதனை அறை என்றால் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். கரி படிந்த நான்கு சுவர், நடுவில் சிமென்ட் மேடை, மேடைமேல் எஞ்சின். எஞ்சினுக்கு எதிரே அதை இழுத்துப் பிடித்துச் சுமை கொடுக்கும் பிரேக். சுவரோரம் ஒரு கண்ணாடிக் குழாய். வேலையின் உயிரே அந்தக் குழாயில்தான் இருந்தது. அதில் டீசலை நிரப்பி எஞ்சினை ஓட விட்டால், எஞ்சின் குடிக்கக் குடிக்க டீசல் மட்டம் கீழே இறங்கும். மேல்கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை ஓடவிட வேண்டும், கீழ்க்கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருபது சிசி. இருபது சிசியைக் குடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது, அந்த நேரத்தில் எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்துவிட்டால், எஞ்சினின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்துவிடும். அதிக நேரம் எடுத்தால் சிக்கனமான எஞ்சின். சீக்கிரம் குடித்துத் தீர்த்தால் தீனிப்பண்டாரம்.

இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்று அவருக்குப் பெயர். அவர் எழுதிக் கொடுத்த நேரத்தை யாரும் இன்னொரு முறை எடுத்துப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பச்சைப்பொய்.

அவருடைய மனைவியின் தம்பி அதே தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தான். தாய் தகப்பன் இல்லாத பையனை அக்காளும் அத்தானும் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்துப் படிக்க வைத்தார்கள். இப்போது மீசையெல்லாம் வைத்துக்கொண்டு பெரிய மனிதன் ஆகிவிட்டான், ஆனாலும் சாப்பாட்டுக்கு அக்காள் வீடுதான். பிஸ்டனின் தலையில் ஒரு குழி உண்டு. டீசல் தூவி விழுந்து எரிவது அந்தக் குழியில்தான். குழியின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் காற்றும் டீசலும் நன்றாகக் கலந்து, புகையாகப் போவதும் சேர்ந்து எரியும் என்பது அவன் கட்சி. ஒன்று மாற்றி இன்னொன்று என்று வரைந்து கொடுத்தான். அத்தான் சோதித்து நேரம் எடுத்துக் கொடுத்தார், அதை வைத்துக் கணக்குப் போட்டது அவன். முதல் குழியில் ஒன்றும் பெயரவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தது. மூன்றாவதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு டீசல் மிச்சம்!

அவ்வளவுதான், பையனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மேனேஜர் அம்மா, யாரையும் லேசில் பாராட்டாதவர், அவரே சோதனை அறை வரை நடந்து வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். புது பிஸ்டனை வார்ப்பதற்கான அச்சைச் செய்யச் சொல்லி ஆர்டர் தயாரானது. வீட்டில் அக்காளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அச்சுக்குப் பணம் போகும் முன் முழு வெப்பக் கணக்கு ஒன்று போட வேண்டும் என்பது விதி. சாதாரணச் சோதனையில் அதைப் போடுவதில்லை, வேலை ஜாஸ்தி. உள்ளே போன டீசலில் இருந்த வெப்பம் நூறு என்று வைத்துக்கொண்டால், வேலையாக வந்தது எவ்வளவு, குளிர்விக்கிற தண்ணீர் கொண்டுபோனது எவ்வளவு, புகையோடு போனது எவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும். மூன்றையும் கூட்டினால் தொண்ணூறைத் தாண்டி வரும். மிச்சம் சுற்றியுள்ள காற்றில் கலந்து தொலைந்துபோனது. எந்த எஞ்சினுக்கும் கொஞ்சமாவது தொலையத்தான் செய்யும்.

ஸ்டாப்வாட்ச் அண்ணன் கூட்டிப் பார்த்தார். நூற்றொன்று வந்தது.

இன்னொரு தடவை கூட்டினார். அதே நூற்றொன்று. நூறு சாப்பிட்டுவிட்டு நூற்றொன்று தருகிற எஞ்சின் உலகத்தில் எங்கே இருக்கிறது? பிரேக்கில் சுமையைக் காட்டும் தராசில் படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. வெப்பமானியைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்தார், சரி. குளிர்விக்கிற தண்ணீரை வாளியில் பிடித்து அளந்தார், அதுவும் சரி. டீசல் கொண்டுவந்து ஊற்றுகிறவனைக் கூப்பிட்டு, ‘எதைடா கலக்குற?’ என்று சண்டை போட்டார். அவன் பாவம், விழித்தான். கொஞ்ச நாளாகவே அறையில் பல்பு மங்கலாக எரிகிறது என்று எலக்ட்ரீஷியனோடு வேறு அவருக்குத் தகராறு. இரண்டு முறை மாற்றியும் அவன் மட்டமான பல்பாகப் போட்டிருக்கிறான் என்று கத்திக்கொண்டிருந்தார்.

பாக்கி இருந்தது கண்ணாடிக் குழாய் ஒன்றுதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரைக்கும் டீசலை ஓர் அளவுக் குவளையில் இறக்கினார். கோட்டைத் தொட்டதும் குழாயின் அடியிலிருந்த திருகை மூடினார். குவளையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணருகே பிடித்தார். இருபது இல்லை. இருபத்தொன்றைத் தாண்டி நின்றது. மறுபடி செய்தார், மறுபடியும் அப்படியே. கண்ணாடி என்ன ரப்பரா, இழுபட?

குனிந்து மூக்கு இடிக்கும் அளவுக்குக் குழாயின் பக்கத்தில் போய்ப் பார்த்தார். டீசல் கீழ்க்கோட்டைத் தாண்டி அரை விரல்கடை கீழே கிடந்தது. மேல்கோட்டில் ஜன்னல் வெளிச்சம் படும். கீழ்க்கோடு நிழலில் இருந்தது. இடது கண்ணை மூடினார். கோடும் போச்சு, குழாயும் போச்சு. வலது கண் முன்னால் ஏதோ பால் சிந்தினாற்போல் வெள்ளையாக நின்றது. வலதை மூடினால் இடதிலும் லேசாக அதே மங்கல்; புரை விழுந்திருந்தது.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் சிக்கனமாக ஓடவில்லை. அவர்தான் தாமதமாகக் கடிகாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார். கண் மங்க மங்க மிச்சம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. சோதனைக்காரனுக்குக் கண் போனால் வேலையும் போகும். மச்சினனின் பெயரும் கூடவே போகும்.

மச்சினனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் அலறுவான் என்று நினைத்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான்.

‘நீங்க லீவுல இருந்தப்ப நானே ஒருதடவ எடுத்துப் பார்த்தேன் அத்தான்.’

‘எதை?’

‘இதே மூணாவது பிஸ்டன. பழசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் வரல.’

‘அப்ப ஏன்டா சொல்லல?’

‘நீங்க எடுத்ததுல எட்டு வந்திருந்துச்சே. எனக்குத்தான் கை பழகலன்னு நெனச்சேன். தாளக் கிழிச்சுப் போட்டுட்டேன்.’

அவருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தொழில் கற்ற பையன் கையில் சரியான கணக்கு இருந்திருக்கிறது. அத்தானின் கணக்கைப் பார்த்து அதைக் குப்பையில் போட்டிருக்கிறான்.

மறுநாள் இருவரும் மேனேஜர் அம்மாவின் அறைக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் ‘நான் சொல்றேன், நீ பேசாம இரு’ என்று அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே போனதும் வாசலை ஒட்டியே நின்றுவிட்டார். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி, இத்தனை நாள் கட்டிக் காத்த பெயர், கழுத்தில் தொங்கும் கடிகாரம், எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்து நின்றன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே மச்சினன் முந்திக்கொண்டான்.

‘மேடம், மிச்சம் ஒண்ணும் இல்ல. டீசல் அடர்த்திய நான் தப்பாப் போட்டுட்டேன். அத்தான் எடுத்த நேரம் சரிதான், என் கணக்குதான் தப்பு.’

மேனேஜர் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டாப்வாட்ச் அண்ணனிடம், ‘நீங்க சொல்லுங்க, இவர் சொல்றது சரியா?’ என்று கேட்டார்.

அவர் தலையாட்டினார்.

அச்சு ஆர்டர் ரத்தானது. மச்சினனை வடிவமைப்பிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். வாஷரும் நட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. ‘உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகுற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம் அத்தான்’ என்றான், தனியாக. அவர் அதற்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். விஷயம் அக்காளுக்கு அரைகுறையாக எட்டியிருந்தது. சாதத்தைப் போடுவதற்கு முன்பே தம்பியை வெளுத்து வாங்க ஆரம்பித்துவிட்டாள்.

‘ஒரு கணக்க ஒழுங்காப் போடத் துப்பில்ல, நீயெல்லாம் இஞ்சினியர்! ஊரே கைகொடுத்துச்சேடா! இவர் கூடவேதான வளர்ந்த? ஒருநாளாவது இவர் வேலையில தப்பு வந்திருக்கா? ஒரு சொட்டு கூடுதலா கொறைச்சலா எழுதியிருப்பாரா? இவர்கிட்ட இருந்து என்னத்தத்தான்டா கத்துக்கிட்ட?’

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘தப்புதான்க்கா’ என்றான்.

‘தப்புதான்க்காவாம்! இவருக்கு எவ்வளவு தலைகுனிவு?’

ஸ்டாப்வாட்ச் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேனேஜர் அம்மா முன்னால் தாங்கிக்கொண்டவருக்கு இதைத் தாங்க முடியவில்லை. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம், காது மடல் வரைக்கும் சுட்டது.

‘அவனத் திட்டாத’ என்றார். ‘அவன் கணக்கு சரி. எனக்குத்தான் கண்ணு தெரியல.’

அக்காள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை, அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை அவர் சொன்னார். குழாய், கோடு, பால் சிந்தின கண், மேனேஜர் கேட்டது, தான் தலையாட்டியது, எதையும் பூசி மெழுகவில்லை.

சொல்லி முடித்தபோது அவள் அழுவாள், இல்லாவிட்டால் கண்ணைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

‘இதை ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?’

‘இல்ல.’

அவள் கரண்டியை எடுத்து முதலில் தம்பியின் தட்டில் நிறையச் சோறு போட்டாள். ‘சாப்பிடுடா’ என்று அவன் தலையைத் தொட்டாள். பிறகு கணவனுக்கும் போட்டாள்.

‘நாளைக்குக் காலையில நானும் உங்ககூட வரேன்’ என்றாள். ‘இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே அந்த அம்மாகிட்டயும் சொல்லணும். நான் பக்கத்துல நின்னு கேக்கணும்.’