எறியச் சொன்ன எலிகள்

போரும் பொருளாதாரத் தடையுமான காலம், டீசல் கிடையாது. மண்ணெண்ணெய்ப் புகை கக்கியபடி நெல்லியடிக்கு ஓடிய மினிபஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் இருந்தார். மெலிந்தவர், முப்பது வயதிருக்கும். மடியில் துணி மூடிய கூடு. பஸ் நின்ற இடமெல்லாம் துணியை விலக்கி உள்ளே பார்த்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை எலிகள்!

"எல்லாம் பெட்டை. பல்கலைக்கழகத்திலை மூளை ஆராய்ச்சிக்கு வளர்த்தது," என்றார். "பெட்டையளின்ரை ஓமோன் சுரப்பு நாளுக்கு நாள் மாறும், முடிவு குழம்பும், உதுகளை எறிஞ்சுபோட்டு ஆண் எலியளை எடு எண்டு பேராசிரியர் சொல்லிப்போட்டார். நான் வீட்டை கொண்டுபோறன்."

முன் சீற்றில் இருந்த ஐயா ஒருவர் திரும்பினார். "அவர் சொன்னது சரிதானே, பிள்ளை?"

"கடல் வத்திப் பெருகுது எண்டு ஆரும் மீன்பிடிக்கப் போகாமல் விட்டவையே, ஐயா? ஓமோன் மட்டுமில்லை, அதை ஏற்கிற கதவுகளும் மூளைக்குள்ளை நாலைஞ்சு நாளுக்கு ஒருக்கா வாற சுற்றோடை கூடிக் குறையும். அது குழப்பமில்லை. அந்த மூளை வேலை செய்யிற விதமே அதுதான்."

"சாமான் இல்லாத நேரத்திலை உதுகளுக்கு என்ன தீன்?"

"என்ரை சோத்திலை பாதி."

ஐயா முன்னால் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. எலிகள் பிழைத்தனவோ தெரியாது. அன்று பின்னேரம், என்னைக் கேட்காமலே என் சைக்கிளுக்கு விலை பேசியிருந்த கணவரோடு சண்டை பிடித்தேன்.

"இண்டைக்கு அந்த நாளோ, இப்பிடிச் சீறுறீர்?" என்றார் அவர்.

"ஓம், அந்த நாள்தான்," என்றேன். "சைக்கிளும் என்ரைதான்."