அக்கா சத்தம் குறைத்த கம்ப்யூட்டர்

மஞ்சள் பூத்துப்போன வெள்ளை நிறத்தில், இரும்பு மேஜைமேல் உட்கார்ந்து காது கிழிய இரைந்துகொண்டிருந்த அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பெட்டிமேல் என்ன கோபம், அது பாவம். அதை வைத்துத் தொழில் நடத்திய மனுஷர்மேல்தான் கோபம். இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்கள். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் மாடி அறை. அங்கே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்தவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, வேலையில் எனக்கு மூத்தவள். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது என் வேலை. பெட்டிக்குள் இருந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கத்த வேண்டும்.

அக்கா நாளுக்குப் பலமுறை வேலையைப் பத்திரப்படுத்திவிட்டு கம்ப்யூட்டரை அணைப்பாள். ஜன்னல் பக்கம் திரும்பிச் சும்மா உட்கார்ந்திருப்பாள். தலைவலி போலும் என்று நினைத்தேன். கேட்டபோதுதான் சொன்னாள்: “ஒங்க அத்தான் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைல மருந்துக் கலவைல நிக்காக. இந்த எரைச்சல்ல ஊரே வெடிச்சாலும் எனக்குக் கேக்காது புள்ள.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீசன் நேரத்தில் என்ன வேலை செய்தாலும் ஒரு காது வெளியேதான் இருக்கும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து, எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் ஆள் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவார்கள். இதெல்லாம் முதலாளிக்குத் தெரியாதா? அவரும் இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தானே. புது ஃபேன் கேட்டதற்கு, சத்தம் வந்தால்தான் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம் என்றார். அடிக்கடி அணைக்கிறாள் என்று யாரோ சொன்னதற்கு, ஓய்வு வேண்டுமென்றால் வீட்டில் இருக்கச் சொல் என்றார். அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு வாயும் நீளம், கையிலும் துணிச்சல். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்துவிட்டாள். காகிதத் தூசியும், மை ஒட்டாமலிருக்கத் தாள்களின்மேல் தூவும் பவுடரும் சேர்ந்து ஃபேனைச் சுற்றிக் கம்பளிபோல அடைந்திருந்தன. கீழே மெஷின் பகுதியிலிருந்து புளோயர் வாங்கி வந்து ஊதினாள். ஃபேனின் நடுவிலிருந்த ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டாள். அச்சு மெஷினில் உருளையில் சுற்றித் தேய்ந்துபோன, பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்பு ஒன்றை மெஷின்மேன் அண்ணாச்சி கொடுத்தார். அதைச் சின்ன வட்டங்களாக நறுக்கி ஸ்குரூக்களின் அடியில் வைத்து முடுக்கினாள். மிச்சத்தைப் பெட்டிக்கு அடியில் விரித்தாள். சுவிட்சைப் போட்டபோது ஓடவில்லை என்றே நினைத்தோம். திரையில் வெளிச்சம் வந்தது. தெருவில் லோடு வண்டிக்காரர் யாரையோ வைதுகொண்டிருந்தது அட்சரம் பிசகாமல் மாடிக்குக் கேட்டது. அக்கா சத்தம்போட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் இடையில் கம்ப்யூட்டரை அணைக்கவேயில்லை.

அந்த நிம்மதி முழுசாக ஒரு வாரம் நீடிக்கவில்லை. ஒரு நாள் எட்டிப் பார்த்த முதலாளி, இதென்ன இம்புட்டு அமைதியாக ஓடுகிறது என்று ஆச்சரியப்பட்டார். மறுநாள் காலையில் அந்தப் பெட்டி அவருடைய கண்ணாடி அறைக்குள் இருந்தது. அவருடைய ஓட்டை உடைசல், முன்னதைவிட மோசமாகக் கத்துவது, எங்கள் மேஜையில். அவர் அதில் என்ன கிழித்தார்? சீட்டு விளையாடினார். இதையும் சரிசெய்துகொள்கிறேன், ரப்பர் மட்டும் கொடுங்கள் என்று அக்கா கேட்டாள். சீசன் நேரத்தில் விளையாட்டு வேண்டாம், எதையும் கொடுக்காதே என்று மெஷின் பகுதிக்கு உத்தரவு போட்டுவிட்டார். என்ன ஜென்மமோ!

அன்றைக்கே ஓர் அவசர ஆர்டர் வந்திருந்தது. சரவெடி லேபிள், சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் பிளேட் போட்டாக வேண்டும். இடையில் கம்ப்யூட்டரை அணைக்க அக்காவுக்கு நேரமேயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி சட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போனதைப் பார்த்தேன். எங்களுக்கு ஃபேன் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு போன் வந்தது. பேசி வைத்துவிட்டு எங்கள் அறைக்கு வந்தார். அதட்டவில்லை. ஆள் அனுப்பி டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார். “இத மட்டும் முடிச்சிரு தாயி, பெறகு வீட்டுக்குப் போயிக்கோ” என்றார். இன்றைக்கு மழைதான் கொட்டப்போகிறது என்று அக்கா என் காதோரம் கேலி செய்தாள். இரண்டு பேரும் சிரித்தபடி அந்த வடையைத் தின்றோம்.

லேபிள் முடிகிற நேரத்தில் அக்காவின் கொழுந்தன் படியேறி வந்தான். சட்டையெல்லாம் கரி.

“இன்னுமா இங்கன இருக்கீக மதினி? மொதலாளிக்கு அப்பவே போன் போட்டுச் சொன்னேனே.”

அக்கா கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆலை வெடித்ததில் கருகிப்போன அத்தானை ஏற்றிய வண்டி உள்ளூர் ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது. அப்போது அத்தானுக்கு நினைவு இருந்தது. அவள் எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதற்குமேல் தாமதிக்க முடியாது என்று மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா மதுரை போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

முன்னாலேயே போயிருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும் என்று என்னிடமே நியாயம் பேசியவர்கள் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருப்பாள். அது போதாதா? இப்போது என் வீட்டில் இருக்கும் லேப்டாப் ஓடுவதே தெரியாது. அதை யாராவது மெச்சிப் பேசினால் நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைப்பேன்.

காரியமெல்லாம் முடிந்து, கணக்கை முடித்துக்கொள்ள அக்கா வந்தபோது நானும் கண்ணாடி அறையில் இருந்தேன். முதலாளி எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

“ஊர்ல கேக்குற ஒவ்வொரு சத்தத்துக்கும் எந்திரிச்சு ஓடுனா கம்பெனி நடக்குமா தாயி?” என்றார்.

அவர் மேஜையில் அந்தப் பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்தபடி சொன்னாள்:

“நான் எந்திரிச்சு ஓடணும்னுதான மொதலாளி, இந்தப் பெட்டிய அடக்கி வச்சேன்.”