பிசிறு அராவிய காமாட்சி அக்கா

காமாட்சி அக்கா போய்விட்ட செய்தியை, ஆர்.கே.பேட்டையிலிருந்து சந்தைக்கு வந்த அவருடைய தம்பி எங்கள் வாசலில் நின்றபடியே சொன்னார். "காய்ச்சல்தாம்மா. பதினோரு நாள் கெடந்துச்சு. திங்கக்கெழம எடுத்துட்டோம்." அம்மா கொடுத்த மோரைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஜப்பான் குண்டு விழும் என்ற யுத்த பயத்தில் சென்னையை விட்டு வந்த முதலாளி ஒருவர் கே.ஜி.கண்டிகையில் கொட்டகை போட்டு, பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கின் பொடியில் ஸ்விட்சு மூடி செய்துவருவதை இந்த வட்டாரத்தார் அறிவீர்கள். பொடியைச் சூடான அச்சில் போட்டு அழுத்தினால், அச்சின் இரு பாதிகள் சேரும் விளிம்பில் மெல்லிய தகடு போல் கொஞ்சம் பிதுங்கி நிற்கும். அதுதான் பிசிறு. அதை அரத்தால் அராவி எடுப்பது அக்காவின் வேலை. ஒருமுறை இறுகிய பேக்லைட் மறுபடி உருகாது. பிசிறெல்லாம் குப்பைக்குத்தான் போகும். அந்தக் குப்பையைக் கண்டால் முதலாளிக்கு வயிறு எரியும்.

என் நைனா அங்கே மேஸ்திரி. மத்தியானம் நான் சோறு கொண்டுபோவேன். "புத்தகத்தப் பாத்துகினே நடக்காத பாப்பா, எருமை மேல முட்டிக்கப் போற" என்பார் அக்கா.

ஒருநாள் முதலாளி பொடியைக் குறைக்கச் சொன்னார். அக்கா அரத்தைக் கீழே வைத்தார். "கொஞ்சம் பிதுங்கினாத்தாங்க அச்சு ரொம்பிச்சுன்னு அர்த்தம். பிசிறு இல்லாத மூடிய நான் நம்ப மாட்டேன்."

முதலாளி, பொடியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "ஹைஸ்கூல் படிக்கிறியே, பிசிறுன்னா இன்னான்னு போட்டுக்கீது, படி."

தேடிப் பிடித்தேன். 'அச்சிலிருந்து வழியும் அதிகப்படிப் பொருள்' என்பது முதல் வரி. அடுத்த இரண்டு வரிகளில் எனக்குத் தெரியாத சொற்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அவ்வளவுதான்" என்றேன்.

"கேட்டுக்கினியா? வெள்ளைக்காரனே அதிகப்படின்னு எழுதிட்டான்."

"எழுதினவரு ஒரு நாளாவது அராவிப் பாத்தாராங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

பொடி குறைந்தது. மூடிகள் வழவழவென்று வந்தன. உள்ளே திருகாணித் துளையைச் சுற்றிப் பொத்தலாக இருந்தது. "இத மாட்டுற வூட்ல ஒரு கொழந்த கைய வெச்சா?" என்று அக்கா அவற்றை ஒதுக்கித் தள்ளினார். மூன்றாம் நாள் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்.

அந்தச் சொற்களைப் பிறகு பள்ளி அகராதியில் பார்த்தேன். கொஞ்சம் வழிய இடம் கொடுக்காவிட்டால் அச்சு முழுதும் நிறையாமல் போகலாம் என்பதே மீதி இரண்டு வரிகள். ஆர்.கே.பேட்டைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "எனுக்குத் தெரியாததா பாப்பா? என்கிட்ட சொல்லி இன்னா பண்றது, முதலாளிகிட்ட சொல்லு. மறுபடி கூப்டாலும் கூப்டுவாரு."

"ஆங்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. நைனாவின் வேலைக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். ஐந்து மாதம் போயிற்று.

செய்தி வந்த மறுநாள் கொட்டகைக்குப் போய், அந்த மூன்று வரிகளையும் முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு மூடியைத் திருப்பி உள்ளே பார்த்தார். "மேஸ்திரி, பொடிய பழையபடி போடு" என்றார். பிறகு என்னிடம், "இத அப்பவே சொல்லியிருந்தா அவள அனுப்பியிருக்க மாட்டேனே" என்றார்.

அக்காவின் நினைவாக என்னிடம் வேறு பொருள் எதுவும் இல்லை. 'பொடிய பழையபடி போடு' என்று முதலாளி வாயால் அவர் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அதை நான்தான் கேட்டேன்.