பத்து மீட்டர் கட்டம்

கம்ப்யூட்டருக்குள் ஓர் ஆற்றை ஓட விட வேண்டுமென்றால், அதை முதலில் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். கட்டம் சிறுத்தால் கணக்கு துல்லியம். ஆனால் நேரத்தைத் தின்னும். எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் அதில் கில்லாடி என்பதால் அவருக்குப் பெயரே கட்டக்காரர். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர்.

ஒருவழியாக நிரந்தர ஆராய்ச்சியாளர் வேலை ஒன்று வந்தது. ஒரே இடம். இன்டர்வியூவுக்கு அழைத்தது இரண்டு பேரை: கட்டக்காரர், அப்புறம் அவர் மனைவியின் தங்கை. அவளுக்காகச் சிபாரிசு செய்து இங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். சொந்தக் காசில் சூனியம்!

இருவருக்கும் ஒரே கேள்வி. வெள்ளம் வந்தால் அணையின் எந்த மதகை முதலில், எவ்வளவு திறந்தால் ஊருக்குள் தண்ணீர் குறைவாக ஏறும்? வெள்ளிக்கிழமை விடையோடு வர வேண்டும்.

அவள் ஐம்பது மீட்டர் கட்டம் போட்டிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டக்காரர் என் மேசைக்கு வந்தார்.

"நான் பத்து மீட்டர்ல போடறேன். அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?"

"சார், வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா இது?" என்று நான் கேட்டேன்.

"நீங்களும் அவ பக்கமா?"

பொறாமைதான், வேறு பெயர் கிடையாது. வீட்டிலும் அக்கா தங்கைக்குப் பரிந்து பேசினாளாம். மனிதர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அத்தோடு விட்டாரா? எல்லோருக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர் முழுவதையும் தன் கணக்குக்கே பிடித்துக்கொண்டார். அவள் கணக்கு வரிசையில் நின்றது.

"மாமா, எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்களேன்."

"வரிசைன்னா வரிசைதாம்மா" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. கட்டத்தை நூறு மீட்டராகப் பெரிதாக்கி, தன் லேப்டாப்பிலேயே மதகுகளை மாற்றி மாற்றித் திறந்து, ஆற்றை ஓட்டிக்கொண்டே இருந்தாள். பெரிய கட்டம் என்பதால் ஒவ்வொரு ஓட்டமும் சட்டென்று முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவள், "மூணாவது மதகை முதல்ல பாதி திறக்கணும். என் கணக்குல இவ்வளவு பிழை இருக்கலாம்" என்று பிழையையும் சேர்த்தே சொன்னாளாம். கட்டக்காரரிடம் விடை கேட்டபோது, "ஓடிட்டிருக்கு சார்" என்றாராம்.

வேலை அவளுக்கு. பெரிய கம்ப்யூட்டரின் பொறுப்பும் அவள் கைக்கு வந்தது. திங்கட்கிழமை காலை அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

"மாமா, உங்க கணக்கு இன்னும் ஓடிட்டிருக்கு. மத்தவங்க காத்திருக்காங்க. நிறுத்திடட்டுமா?"

அவர் முகம் செத்துப்போனது. "முடியட்டும்மா" என்றார்.

அவள் பாதி இடத்தை அவருக்கு விட்டுவைத்தாள். அந்தப் பெருந்தன்மைதான் அவரை இன்னும் எரித்தது. வாரக்கணக்கில் ஓடி ஒருநாள் கணக்கு முடிந்தது. திரையை என் கண்ணில் படாதபடி சட்டென்று திருப்பிக்கொண்டார். நான் விடுவேனா, எட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது மதகு. பாதி.