தாம்பாளத்தில் ஒரு ரேடியோ

முதன்முதலாகச் சிற்றலை ரேடியோ வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் தயங்குவதே கிடையாது. பேண்டுகளை எண்ணாதீர்கள், முள்ளைப் பாருங்கள் என்பேன். ஸ்டேஷனில் முள்ளை நிறுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகும் குரல் அங்கேயே நிற்கிறதா? நின்றால் வாங்கலாம். பகலில் கடைக்குப் போகாதீர்கள், பொழுது சாய்ந்த பிறகு போங்கள், அப்போதுதான் தூரத்து ஸ்டேஷன்கள் வரும் என்பேன். இதையெல்லாம் நான் கண்டுபிடித்தபோது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். ரேடியோ விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் அப்போதே என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

அந்த மரியாதையை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் பெரியப்பா. கூடத்தில் இருந்த பழைய ரேடியோ அவருடையது. விடிந்ததும் போட்டாரென்றால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அது பேசிக்கொண்டே இருக்கும். அவர் விரல்கள் தடிமன்; கொழும்பு ஸ்டேஷனைத் தேடினால் வேறெங்கோ போய் நிற்பார். நான் போய் ஒரு மயிரிழை திருப்பினால் பாட்டு தெளிவாக வந்துவிடும். "எந் தம்பி மவ கை வச்சா லண்டனே வந்து நிக்கும்லா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தனை சத்தத்துக்கும் நடுவில் வீட்டில் அதிகம் கேட்பது அத்தையின் பெயர்தான். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. காப்பிக்கு ஒருவர், துண்டுக்கு ஒருவர், காணாமல் போன பென்சிலுக்கு நாங்கள் நாலு பிள்ளைகள் என்று எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவோம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மாஞ்சோலை எஸ்டேட்டில் கிளார்க். மலைமேல் டிவி எடுக்காது, ரேடியோவிலும் சிற்றலைதான் ஒழுங்காக வரும் என்று அவர்கள் வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னார்கள். சீரில் உனக்கென்று என்ன வேண்டும் என்று பெரியப்பா கேட்டதற்கு, மிக்ஸி வேண்டாம், ஒரு ரேடியோ போதும் என்றாள் அத்தை. அதுவரை அவள் எதையும் வேண்டுமென்று கேட்டு நான் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் ஒன்பது பேண்டு ரேடியோ ஒன்றைப் பார்த்துவைத்தார். முழ நீளம், முன்பக்கம் பூராவும் வெள்ளி நிறம். "தாம்பாளத்துல வச்சா பந்தல் கடைசில நிக்கவனுக்கும் தெரியணும்" என்றார். கையைக் கடிக்கிற விலைதான். ஆனாலும் ஒரே தங்கை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை பின்னும்போதெல்லாம் அத்தை ரேடியோவைப் பற்றியே பேசினாள்.

"பெரிசா இருந்தாத்தான் நல்லா எடுக்குமோட்டி?"

"அப்படியெல்லாம் கிடையாது அத்தை. சிலது பாக்கப் பெரிசா இருக்கும், முள்ளு நிக்காது. பேட்டரிக்கட்டையும் நாலு போடணும்."

"அப்போ கடையில நீதான் பாத்துச் சொல்லணும். பெரியப்பா நிக்காவன்னு பயப்படப்பிடாது, என்ன?"

ரிப்பனைக் கட்டிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டாள். "காதுல வயரு மாட்டிக் கேக்க ஓட்டை இருக்கும்லா, அது எல்லாத்துலயும் உண்டா?" சின்னதில் இருக்கும், பெரியப்பா கொண்டுவந்த கடை நோட்டீசைப் பார்த்தால் அவர் பார்த்துவைத்ததில் கிடையாது, ஆனால் அது ஒரு விஷயமே இல்லை என்று விளக்கினேன்.

பெரியப்பா மத்தியானமே செருப்பை மாட்டிவிட்டார். சாயங்காலம்தான் போகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து, ஆறு மணிவாக்கில் அவரும் அத்தையும் நானுமாகப் போய்ச் சேர்ந்தோம். கடைக்கார அண்ணாச்சி ஒன்பது பேண்டை மேசைமேல் வைத்துத் திருகினார். ஒரே இரைச்சல்.

"டியூப்லைட்டை அமத்துங்க அண்ணாச்சி" என்றேன். அண்ணாச்சி பெரியப்பாவைப் பார்த்தார்.

"புள்ள சொல்லுதுல்லா, அமத்தும்வே."

விளக்கு அணைந்ததும் இரைச்சல் பாதி அடங்கியது. கொழும்பைப் பிடித்துக் கையை எடுத்தேன். பாட்டு இரண்டு வரி பாடிவிட்டு மெல்ல நழுவி, புரியாத ஏதோ ஒரு பாஷைக்குள் போய் விழுந்தது. மறுபடி பிடித்தேன்; மறுபடி நழுவியது. பக்கத்தில் மூன்று பேண்டில், சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிதாக ஒன்று இருந்தது. விலை அதில் பாதிகூட இல்லை. பெரிய சக்கரத்தை ஒட்டி, நுணுக்கமாகத் திருத்த ஒரு குட்டிச் சக்கரமும் வைத்திருந்தார்கள். கொழும்பு வந்தது. கையை எடுத்தேன். மேசையைத் தட்டியும் பார்த்தேன். பாட்டு அசையவில்லை.

"ஏளா, உனக்கு எது வேணும்னு நீ சொல்லு" என்றார் பெரியப்பா அத்தையிடம், பெரியதைத் தடவிக்கொண்டே.

அத்தை தரையைப் பார்த்தாள். "எனக்கு என்னண்ணே தெரியும்? புள்ள கை வச்சா லண்டனே வந்து நிக்கும்னு நீங்கதான சொல்லுவிய. அவ சொன்னாச் சரிதான்."

"சின்னதுதான்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. ஊரெல்லாம் சொல்லிவைத்த வார்த்தையைப் பெரியப்பாவால் விழுங்க முடியவில்லை. அண்ணாச்சி பில் போடும்போது காதில் மாட்டும் வயர் ஒன்றையும் சேர்த்து எடுத்துவைக்கச் சொன்னாள் அத்தை. ஜெயித்த மிதப்பில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று ஆப்பிளுக்கும் சாத்துக்குடிக்கும் நடுவில் ரேடியோ இருக்கிற இடமே தெரியவில்லை. பெரியப்பா பொறுக்கமாட்டாமல் அதன் ஏரியலை முழுசாக இழுத்து நீட்டிவிட்டார். தாம்பாளம் தூக்கிய சித்தியை அது மணமேடை வரைக்கும் மூக்கில் குத்திக்கொண்டே வந்தது.

முழுப்பரீட்சை லீவில் அப்பா என்னை மாஞ்சோலைக்குக் கூட்டிப்போனார். மலைப்பாதைத் திருப்பம் ஒவ்வொன்றிலும் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடிதான் போய்ச் சேர்ந்தேன். அத்தையின் வீடு இரண்டே அறை. மாமனார், மாமியார், மூன்று கொழுந்தன்மார். ஒவ்வொருவரும் எதிர் மலையில் நிற்கிறவனோடு பேசுவதுபோலத்தான் பேசினார்கள். எங்கள் வீடே பரவாயில்லை என்றிருந்தது. அத்தை என்று கத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடியவளை மாமியார் பிடித்து நிறுத்தினாள்.

"பையட்டி, பைய. அவ நியூஸ் கேக்கா. வயரு காதுல இருந்தா கூப்பிடப்பிடாதுன்னு எம் மவன் சொல்லிருக்கான். காலையிலயும் கேக்கா, சாயங்காலமும் கேக்கா, அவளுக்கு அவ்வளவு அறிவு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரேடியோ அரிசி டப்பாவின்மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டிப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எங்கள் வீட்டில் இருந்தவரை அந்த முகத்தை நான் கண்டதே இல்லை. உலகச் செய்தி அவ்வளவு நன்றாகவா இருக்கும் என்று ஆசைப்பட்டு, வயரை வாங்கி என் காதில் வைத்தேன். தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரே இரைச்சல். ஒரு வார்த்தை இல்லை. எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது முள்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் ஒருவர்கூட இவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே. குட்டிச் சக்கரத்தைத் திருப்பி, கொழும்பைக் கணீரென்று நிறுத்தி, வயரை அவள் காதில் நானே மாட்டிவிட்டேன். அத்தை என் கன்னத்தில் தட்டி, "எங் கெட்டிக்காரி" என்றாள்.

அடுக்களை நிலையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் விரல் சக்கரத்தின்மேல் இருந்தது. முள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. இதுவும் நழுவுகிற ரேடியோதான் போலிருக்கிறது, கடையில் நான் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும் என்று அன்றைக்கெல்லாம் எனக்கு வருத்தமாக இருந்தது.