அவள் அப்பாவின் கையெழுத்து

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு கைவேலை தெரியும். எந்த அப்பாவின் கையெழுத்தையும் அச்சு அசலாகப் போடுவேன். ரேங்க் கார்டு, லீவ் லெட்டர், டூர் ஃபாரம், எதுவானாலும் கடைசி பெஞ்சுக்கு, என்னிடம் வந்து சேரும். கூலி ஒரு மாங்காய்ப் பத்தை, உப்பு மிளகாய்த்தூள் தடவியது. என் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், நாங்கள் குவாட்டர்ஸில் குடியிருந்தோம். அவர் கையெழுத்தை மட்டும் நான் தொட்டதே இல்லை. கண்டுபிடித்தால் தோலை உரித்துவிடுவார் என்ற பயம். அடுத்த வீட்டு அப்பாக்கள் என்றால் எனக்கு என்ன வந்தது?

என் பக்கத்து இடம் அவளுடையது. வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வருவாள். அவள் அப்பா தண்ணி லாரி ஓட்டினார். என் அம்மாவுக்குத் திருநெல்வேலி, அதனால் என் வாயிலும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் "அவிய வந்தாவ" என்றால் போதும், "இன்னாடி பேசற நீ, சப்டைட்டில் போடு" என்று பெஞ்சைத் தட்டிச் சிரிப்பாள். நான் அவளுடைய "கீது"வைத் திருப்பிச் சொல்லி வெறுப்பேற்றுவேன். மத்தியானம் என் டப்பாவை அவளும் அவள் டப்பாவை நானும்தான் திறப்போம்.

அவளுக்கு ரயில் பைத்தியம். பார்க்கிற பைத்தியம் இல்லை, ஓட்டுகிற பைத்தியம். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே, ஹார்ன் சத்தத்தை வைத்து அது லோக்கலா, எக்ஸ்பிரஸா, கூட்ஸா என்று சொல்லிவிடுவாள். பன்னிரண்டாவது முடிந்ததும் ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படிப்பு, அப்புறம் ரயில்வே பரீட்சை என்று எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு டைரக்டர் ஆக வேண்டும். அதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டு திரிவேன்.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு படக்குழு வந்தது. எங்கள் பள்ளிப் பெண்களின் சிநேகிதம், என்னவாகப் போகிறோம் என்ற ஆசை, இதையெல்லாம் இரண்டு வருடம் கூடவே இருந்து எடுத்து, யூடியூபில் தொடராகப் போடப்போவதாகச் சொன்னார்கள். டைரக்டர் ஒரு அக்கா. அவர் செய்த காரியம்தான் புதுசு. கேமராவை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"உன் ஃப்ரெண்டை நீதான் எடுக்கணும், கேள்வியும் நீதான் கேக்கணும். நான் கேட்டா நீங்கல்லாம் நல்ல புள்ளையா பதில் சொல்வீங்க" என்றார்.

அடேயப்பா, எனக்குத் தரையில் கால் பாவவில்லை. யாரை எடுப்பது என்று யோசிக்கவே தேவையில்லை. அதற்கு முன்னால் ஒரு தாள் தந்தார்கள், பெற்றோர் சம்மதக் கடிதம். அதை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்துவிட்டு அவள் என்னிடம் நீட்டினாள்.

"எங்க நைனா ஒத்துக்க மாட்டாருடி. பொம்பளப் புள்ள போன்ல வர்றதான்னு குதிப்பாரு. உடு, வேற யாரையாச்சும் எடு."

விட்டிருக்கலாம். அவளேதான் விடச் சொன்னாள். இதை எத்தனை முறை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று தெரியாது. ஆனால் ரயில் ஓட்ட ஆசைப்படுகிற ஒருத்தி வேறு யார் படத்திலும் இல்லை. மற்றவர்கள் எல்லாம் டாக்டர், டீச்சர், கலெக்டர். அவளை விட்டால் என் படம் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். தாளைப் பிடுங்கி, பெஞ்சில் வைத்து, அவள் அப்பா ரேங்க் கார்டில் போடுவதைப் போலவே முதலெழுத்தைச் சுழித்து, கடைசியில் இரண்டு புள்ளி வைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பு தை மாதம், ஸ்டேஷன் அருகே நடைமேம்பாலத்தில் வைத்து அவளை எடுத்தேன். கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இன்ஜினில் ஏறினால் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'நல்ல புள்ளை பதில்' என்று அக்கா சொன்னது மண்டையில் குடைந்தது.

"வீட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் கேமராவை மறந்துவிட்டாள். என்னைப் பார்த்துத்தானே பேசினாள்!

"ஊட்லயா? ஊட்ல என்னிய எங்க மாமனுக்குக் கட்டி வெக்கப் பாக்கறாங்க. அது ஷேர் ஆட்டோ ஓட்டிகினு கீது. நான் ரயிலு ஓட்டப்போறேன். அது ஆட்டோ எனக்கு எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் பகுதி யூடியூபில் வெளியான மூன்றாம் நாள் வினை வந்தது. மாமன் என்றால் அவள் அம்மாவின் தம்பி, திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் யாரோ போனில் அதைப் போட்டுக் காட்டி, "இன்னா மாமே, உன் ஆட்டோ வேணாமாம்" என்று சிரித்திருக்கிறார்கள். அவர் வண்டியை நேராக வெள்ளானூருக்கு விட்டார். மறுநாள் காலை அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் நின்றார்.

எடுத்தது நான் என்பதால் என்னையும் எச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் அந்தச் சம்மதக் கடிதம் இருந்தது.

"சத்தியமா நான் போடல மேடம். இந்தத் தாளையே இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்றார் அவள் அப்பா. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. காக்கிச் சட்டைப் பையைப் பிடித்தபடி நின்றார்.

"யார் போட்டது?" என்று எச்.எம். கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் மேடம்" என்றாள்.

அவள் அப்பா அங்கேயே அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அப்புறம் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரிட்சை மட்டும் எழுதட்டும் மேடம். ரெண்டு மாசம்கூட இல்ல. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினார். ஆமாம், அவர்தான் கெஞ்சினார். ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நாங்கள் பயந்த அதே மனுஷர்.

எச்.எம். தலையை ஆட்டவில்லை. "கள்ளக் கையெழுத்துப் போட்ட பொண்ணை நான் எப்படி வெச்சிக்க முடியும்? நாளைக்கு இது ஸ்கூல் மேல கேஸா வரும். யார் போட்டாங்களோ அவங்களுக்கு டிசிதான்."

யார் போட்டாங்களோ அவங்களுக்கு. தெளிவாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே போகிறவள் நான், பரீட்சை எழுதுகிறவள் அவள். எனக்கு அப்பாவின் பெல்ட் ஞாபகம் வந்தது, சினிமா படிக்க நான் சேர நினைத்திருந்த விஸ்காம் கல்லூரி ஞாபகம் வந்தது. வாய் கிழியப் பேசுகிற சனியன் நான், அன்றைக்கு என் வாயில் எச்சில்கூட ஊறவில்லை.

சொந்தக் காரணத்தால் மகளை நிறுத்திக்கொள்வதாக அவள் அப்பாவிடம் எழுதி வாங்கினார்கள். அவர் என் கண்முன்னே கையெழுத்துப் போட்டார். முதலெழுத்தில் அதே சுழி, கடைசியில் அதே இரண்டு புள்ளி. பக்கத்திலேயே என்னுடையது கிடந்தது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அவருடையது மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பாவோடு கேட்டைத் தாண்டினாள். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். பதினெட்டு முடிந்த அடுத்த மாதமே மாமனோடு கல்யாணம் நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை.

இதற்கு மேலும் ஓர் அசிங்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பகுதியைப் பள்ளிக்கூடம் நீக்கச் சொல்லிவிட்டது. தொடரின் கடைசிப் பகுதிக்கு ஆள் வேண்டுமே. அக்கா என்னை உட்கார வைத்து, "உன் ஃப்ரெண்டைப் பத்திச் சொல்லு" என்றார். நான் அழுதேன். படிப்பை நிறுத்திவிட்டார்கள், ரயில் ஓட்ட ஆசைப்பட்டாள் என்று தேம்பித் தேம்பி அழுதேன். அழுகை நிஜம்தான். ஆனால் கையெழுத்தைப் பற்றி அதிலும் மூச்சு விடவில்லை. அவள் முகத்தை மட்டும் மங்கலாக்கி, நடைமேம்பாலத்தில் அவள் நிற்பதை நடுநடுவே போட்டார்கள். ஊரே பார்த்துக் கண்ணைத் துடைத்தது. கல்லூரி இன்டர்வியூவில் அந்த வீடியோவைத்தான் காட்டினேன். இடம் கிடைத்தது.

டைரக்டர் எல்லாம் ஆகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிறேன். கடை விளம்பரம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா. போன மாதம் திருவேற்காட்டில் ஒரு நர்சரிப் பள்ளி, அட்மிஷன் விளம்பரத்துக்காக. பிள்ளைகளை எடுக்க வேண்டும் என்பதால் பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்குவதும் என் வேலையில் சேர்ந்தது. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு தாளில் 'சம்மதம் இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்திருந்தது. நிமிர்ந்தேன். அவள்தான். கொஞ்சம் பருத்திருந்தாள். கம்பெனி யூனிஃபார்ம் கோட் போட்டிருந்தாள், கையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை.

"நல்லா கீறியா?" என்றாள்.

எப்படி இருக்கிறாய் என்று பதிலுக்குக் கேட்டேன். பேக்கிங் கம்பெனியில் வேலை, வேன் வந்து கூட்டிப் போகிறது என்றாள். மாமனைப் பற்றிக் கேட்டேன்.

"அது நல்ல மனுசன்தான். சும்மா சொல்லக் கூடாது."

பின்னால் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அதற்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று பதறினேன். "அன்னிக்கு எச்.எம். ரூம்ல நான் சொல்லியிருக்கணும்டி. நான்தான் போட்டேன்னு சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிரு" என்று கொட்டினேன்.

அவள் குழந்தையின் பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"சொல்லுவன்னுதான் நெனச்சேன். அதான் நான் மொதல்ல ஏத்துக்கினேன். அடி வுழறது எனக்கு வுழட்டும், டிசின்னா நீ என்னியப் போக வுட மாட்டன்னு. ஸ்கூல் கேட்டு வரைக்கும் மெல்லத்தான் சைக்கிளைத் தள்ளினேன்." கோபமாகச் சொல்லவில்லை. "பரிட்சை மட்டும் எழுதியிருப்பேன்."

பின்னால் இருந்தவர் தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. குழந்தை என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கோட்டை இழுத்தது.

"அம்மா, இந்த ஆன்ட்டி உன் ஃப்ரெண்டா?"

"இல்லடா. கூடப் படிச்சவங்க" என்றாள். "வா, பெல்லு அடிச்சிடுவாங்க."